பம்ப் போச்சு சார்!

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் கார் ஆலைகளில் ஒரு போல்ட்டைக்கூட அளக்காமல் முறுக்குவதில்லை. ஆலை வாசலைத் தாண்டிச் சாலையோரப் பட்டறைக்கு வந்துவிட்டால் அந்தப் பழக்கம் போன இடம் தெரிவதில்லை. பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை, மேட்டில் பிக்கப் இல்லை என்று கொண்டுபோய் நிறுத்தினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "பம்ப் போச்சு சார்!"

சான்ட்ரோவை எடுத்துக்கொள்வோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. கார்புரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்தே பழகிய மெக்கானிக்குகளுக்குப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனைப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2014இல் அந்தப் பழைய சான்ட்ரோவின் தயாரிப்பு நின்றது. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த வகை வண்டிகளில் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப், பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்குத் தள்ளுகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. (உங்கள் மாடலுக்கான துல்லியமான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.) அழுத்தம் குறைந்தால் இழுவை போகும், மிஸ்ஸிங் வரும், கூடினால் கரும்புகை, பெட்ரோல் வாடை. ஸ்கேனரை மாட்டி "எல்லாம் பார்த்தாச்சு" என்பார்கள். அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தைச் சொல்லும் சென்சாரே பொதுவாகக் கிடையாது. பிரஷர் கேஜ் மாட்டினால்தான் விஷயம் தெரியும்.

சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடி 'உய்ங்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? பம்பைக் குறை சொல்வதற்கு முன் ஃபியூஸ், ரிலே, பம்புக்கு வரும் கரண்ட், எர்த் இவற்றைப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டும் அழுத்தம் ஏறவில்லை என்றால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி விட்டுக்கொண்டிருக்கலாம். ரெகுலேட்டர் இன்ஜின் பக்கம் இருக்கும் வண்டியில், ஐடிலில் அதன் வேக்குவம் டியூபைக் கழற்றினால் அழுத்தம் அரை பார் அளவுக்கு ஏற வேண்டும். அந்த டியூபுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. பம்ப்மேல் பழி வேண்டாம். காலையில் மட்டும் ஸ்டார்ட்டிங் டிரபிள் என்றால், வண்டியை அணைத்த பிறகு கேஜ் முள் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சட்டென்று விழுந்தால் பம்பிலுள்ள வால்வு, ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று.

இதையெல்லாம் வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள். கார்புரேட்டர் வண்டியில் ஹோஸைப் பிடுங்கினால் சொட்டும். இதில் பீய்ச்சி அடிக்கும், சூடான இன்ஜின் மேலேயே. தெரிந்த மெக்கானிக் முதலில் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குவார். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பட்டறைக் குழிக்குள் போய்த் தேங்கும்; அங்கே ஒரு பொறி போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார்புரேட்டர் வண்டியின் ஹோஸை மாட்ட விடாதீர்கள். போதாததற்கு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை எத்தனால் ஊதவும் வெடிக்கவும் செய்யும் என்பதால் ஹோஸ்களை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். பழைய வண்டிக்குப் பலரும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே போடுகிறார்கள். சொந்த வண்டி எரிந்தால் அதில் ஒரு ரூபாயும் வராது.

பட்டறையில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் கேஜ் காட்டிய அளவு பில்லில் இருக்க வேண்டும். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதிய பில் வேண்டும். கழற்றிய பழைய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. "ஜி.எஸ்.டி. சேரும் சார், எதுக்கு பில்?" என்பது நமக்குச் செய்யும் சகாயம் போலத்தான் தோன்றும். புது பம்ப் மாட்டிய மறுவாரமே வண்டி நின்றால் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ பிரச்சினை நடந்த ஊருக்கோதான் போக வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு திருவண்ணாமலையில் குடும்பத்தை வைத்திருப்பவருக்கு இது சின்ன வசதியல்ல.

வாங்கி வந்த பழைய பம்பை அன்றே வீட்டுக்குள் வைத்துவிடாதீர்கள். உள்ளே பெட்ரோல் மிச்சம் இருக்கும். திறந்த வெளியில் நன்றாக உலரவிட்டு, பில்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.