யன்னலோரம் ஒரு கதிரை: பிள்ளைகளை இயற்கை வெளிச்சத்தில் படம் எடுப்பது

வெளிநாட்டில் இருக்கிற எங்கட வீடுகளில் படங்களுக்குக் குறைவில்லை. போனைத் திறந்தால் பிள்ளையின் படமே ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஆனால் ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்கு அனுப்ப நல்லதாக ஒன்றைத் தேடிப் பாருங்கோ, பாதிப் படங்களில் முகம் இருட்டாக இருக்கும், மிச்சத்தில் மஞ்சளாக இருக்கும். பிளாஷ் போட்டு எடுத்ததென்றால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசினமாதிரி மினுங்கும், கண்ணுக்குள் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். போன் நல்ல போன்தான். அதற்குத் தேவையான வெளிச்சத்தை நாங்கள் கொடுப்பதில்லை.

நாங்கள் எப்போது படம் எடுக்கிறோம் என்று யோசியுங்கோ. பிறந்தநாள் கேக் வெட்டுவது இரவு ஏழு மணிக்குப் பிறகு. விருந்தாளிகள் வருவது வேலை முடிந்த பிறகு. பொங்கல், தீபாவளி வார நாளில் வந்தால் சாமிக்குப் படைப்பதும் இருட்டின பிறகுதான். அந்த நேரத்தில் இருப்பது கூரையில் பதித்த மின்குமிழ்கள் மட்டும். நேர் மேலேயிருந்து விழுகிற வெளிச்சம் கண்குழிக்குள் போகாது. மூக்கின் நிழல் உதட்டில் விழும். மூன்று வயதுப் பிள்ளையும் அதில் களைத்துப்போன ஆளாகத் தெரியும்.

அதோடு குளிர்காலம். டிசம்பர் 21ஆம் திகதியை எடுத்தால் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு, மாலை 4:45க்கு முன்னமே சூரியன் போய்விடும். லண்டனில் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு, நாலு மணிக்கு முன்னமே மறைவு. ஒஸ்லோவில் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் பகல் முடிந்துவிடுகிறது. அதாவது நவம்பரிலிருந்து பெப்ரவரி வரைக்கும் எங்களுக்கு உண்மையில் கிடைக்கிற பகல் சனியும் ஞாயிறும்தான், அதிலும் காலை பத்திலிருந்து இரண்டு மணி வரைக்கும். அந்த நேரத்தைத்தான் நாங்கள் கடைக்கும் தமிழ் வகுப்புக்கும் காரில் ஏற்றி இறக்குவதிலும் செலவழிக்கிறோம்.

ஆனால் இந்த நாடுகளின் சூரியனில் ஒரு நன்மை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ மத்தியானத்தில் சூரியன் உச்சியில் நிற்கும். முகம் முழுக்க நிழல் விழுமென்று படக்காரர்கள் மரநிழலைத் தேடி ஓடுவார்கள். இங்கே டிசம்பர் மத்தியானத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து ரொறன்ரோவில் 23 பாகை அளவுக்குத்தான் ஏறும், லண்டனில் 15 பாகை. வெளிச்சம் பக்கவாட்டில், முகத்துக்கு நேராக வரும். ஊரில் காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கொஞ்ச நேரம் மட்டும் கிடைக்கிற அந்தச் சரிந்த வெளிச்சம், இங்கே குளிர்காலத்தில் வெயில் எறித்தால் பகல் முழுக்கவே கிடைக்கிறது.

யன்னல் போதும்

வீட்டில் உள்ள யன்னல்களில் பெரியதைத் தேர்ந்தெடுங்கோ. வடக்குப் பார்த்த யன்னல் என்றால் இன்னும் நல்லது. எங்கட நாடுகள் பூமியின் வடபாதியில் இருப்பதால் வடக்கு யன்னலுக்குள் நேர்வெயில் அநேகமாக வராது, வானத்தின் மெல்லிய வெளிச்சம் மட்டும் வரும். ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் ஓவியக்கூடங்களுக்கு வடக்குப் பக்கத்து யன்னலை விரும்பியது இதனால்தான். (அவுஸ்திரேலியாவில், நியூசிலாந்தில் இருக்கிறவர்கள் இதை அப்படியே மாற்றி, தெற்கு யன்னல் என்று வாசியுங்கோ.)

தெற்கு யன்னல்தான் இருக்கிறது, வெயில் நேரே விழுகிறது என்றால் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து யன்னலில் தொங்கவிடுங்கோ. உண்மையாகத்தான் சொல்கிறேன். படக்காரர்கள் நூறு டொலர் கொடுத்து வாங்குகிற வெள்ளைத் திரை செய்கிற வேலையை மெல்லிய பருத்தி வேட்டி செய்யும். கரையை மட்டும் ஒரு பக்கமாக மடித்து விடுங்கோ, இல்லாவிட்டால் அந்த நிறம் கோடாக முகத்தில் விழும்.

இனி வீட்டுக்குள் இருக்கிற மின்வெளிச்சம் எல்லாவற்றையும் நிறுத்துங்கோ. இதைச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்: வெளிச்சம் காணாது என்று சொல்லிக்கொண்டு இருக்கிற வெளிச்சத்தையும் நூர்க்கச் சொல்கிறாரே என்று. காரணம் நிறம். பகல் வெளிச்சம் நீலம் கலந்தது, வீட்டுக் குமிழ்களில் அநேகமானவை மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மற்றக் கன்னம் மஞ்சளாகவும் வரும். கமரா எதை நம்புவது என்று தெரியாமல் தடுமாறும். பிறகு எந்தச் செயலியில் போட்டுத் திருத்தினாலும் அது முழுதாகச் சரிவராது.

யன்னலிலிருந்து மூன்று நாலு அடி தூரத்தில் ஒரு கதிரையைப் போடுங்கோ. பிள்ளை யன்னலை நேரே பார்க்கவும் வேண்டாம், முதுகு காட்டவும் வேண்டாம். முகத்தின் ஒரு பக்கத்தில் வெளிச்சமும் மறுபக்கத்தில் மெல்லிய நிழலும் வருகிறமாதிரிக் கொஞ்சம் சரித்து இருத்தினால் போதும். நிழல் பக்கம் அதிகம் கறுத்தால் ஒரு வெள்ளை மட்டையையோ படுக்கை விரிப்பையோ அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கோ. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்துக்கு வரும். சிவப்புப் பட்டுச்சீலை கட்டினவர் மடியில் பிள்ளையை வைத்திருந்தால் பிள்ளையின் நாடியில் சிவப்பு அடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ. கண்ணில் யன்னலின் சின்ன வெள்ளை உருவம் தெரிகிறதா என்று பாருங்கோ. தெரிந்தால் பிள்ளை சரியான இடத்தில் இருக்கிறது.

எங்கட நிறம்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. எங்கட பிள்ளைகளின் முகம் படத்தில் இருட்டாக வருவதற்கு ஒரு காரணம் கமரா வெளிச்சத்தை அளக்கிற முறை. முன்னால் இருக்கிற காட்சி முழுவதையும் கூட்டிப் பார்த்து, அது நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வருகிறமாதிரித்தான் கமரா கணக்குப் போடும். பின்னால் வெள்ளைச் சுவரோ பனியோ இருந்தால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துப் படத்தையே இருட்டாக்கிவிடும். மாநிறம், கறுப்பு நிறம் உள்ள முகங்கள்தான் அதில் முதலில் அடிபடும். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கின்றன. ஆனாலும் யன்னலுக்கு முதுகு காட்டி நிற்கிற பிள்ளையை அவற்றாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு காரணம் பழையது. பிலிம் காலத்தில், 1950களிலிருந்து, கொடாக் நிறுவனம் படம் கழுவுகிற இடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த மாதிரிகளில் முதலில் இருந்தவரின் பெயர் ஷேர்லி என்பதால் அவை 'ஷேர்லி அட்டை' என்றே அழைக்கப்பட்டன. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. மற்ற நிறங்கள் எப்படி வந்தாலும் பரவாயில்லை. மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியை லோர்னா றோத் இதை ஆராய்ந்து 2009இல் எழுதியிருக்கிறார். கடும் மண்ணிற வேறுபாடுகளைப் பிலிம் காட்டவில்லை என்று அழுத்தமாக முறையிட்டவர்களில் சொக்லேட் செய்கிறவர்களும் மரத் தளபாடம் விற்கிறவர்களும் இருந்தார்கள் என்பது அவர் எழுதியதில் வருகிறது. பல இனப் பெண்கள் சேர்ந்து இருக்கிற அட்டை 1990களில்தான் வந்தது. கூகிள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த தோல்களுக்கென்று தனிக் கவனம் எடுத்ததாக அறிவித்தது 2021இல். எங்கட அம்மா அப்பாவின் கலியாண ஆல்பத்தில் முகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. திரையில் பிள்ளையின் முகத்தைத் தொடுங்கோ. பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரிய அடையாளமோ கோடோ வரும். விரலால் மேலே தள்ளினால் படம் வெளிக்கும். முகம் நேரில் இருக்கிற நிறத்துக்கு வந்தவுடன் நிறுத்துங்கோ. பின்னால் சுவர் வெளுத்துப்போனால் போகட்டும். சுவரை ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

நேரில் இருக்கிற நிறம் என்று சொன்னது யோசித்துத்தான். முகம் இருட்டாக வந்துவிட்டது என்று பல பேர் அழகூட்டும் செயலியில் போட்டு வெளுக்க வைக்கிறார்கள். பிறந்தநாள் அழைப்பிதழிலும் சாமத்திய வீட்டுப் பெரிய ஆல்பத்திலும் பிள்ளை இரண்டு படி வெள்ளையாக நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது என்று நினைக்காதேங்கோ. கண்ணாடியில் ஒரு முகம், சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் வேறொரு முகம் என்றால், வீட்டுக்காரருக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைக்கு நல்லாவே விளங்கும். யன்னலின் பரந்த வெளிச்சத்தில் மாநிறத் தோல் தானாகவே பளபளக்கும். கன்னத்து எலும்பும் தாடையும் வடிவாகத் தெரியும். வெளுக்க வைக்கிற தேவையே வராது.

கலப்புக் குடும்பங்களில் இன்னொன்று கவனிக்க வேண்டும். மருமகன் வெள்ளைக்காரர், பேரப்பிள்ளைகள் இடைநிறம், அம்மம்மா நல்ல கறுப்பு என்றால், வெள்ளையாக இருக்கிறவரை யன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கோ, அம்மம்மாவை யன்னலுக்குக் கிட்ட இருத்துங்கோ. மாறி நின்றால் அவர் முகம் வெளுத்துப்போகும், அம்மம்மா காணாமல் போய்விடுவார். மரியாதைக்கும் அதுதானே சரி, பெரியவருக்கு நல்ல இடம்.

வெளியில்

கோடையில் பெரிய பிரச்சினை இல்லை. ஜூன் மாதத்தில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி வரைக்கும் சூரியன் இருக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு பூங்காவுக்குப் போனாலே பொன் வெளிச்சம். மத்தியானத்தில் மட்டும் மரநிழலுக்குள் வாங்கோ, ஆனால் இலைகளுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழாத இடமாகப் பாருங்கோ.

பனிக்காலத்தில் வெளியில் எடுக்கிறவர்கள் குறைவு, அது நட்டம். தரையில் கிடக்கிற பனி, கீழேயிருந்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற பெரிய வெள்ளைத் துணி. மேகம் மூடின நாளில் பனிக்கு நடுவில் பிள்ளையை நிறுத்தி, நான் மேலே சொன்னபடி முகத்தைத் தொட்டு வெளிக்க வைத்து எடுத்துப் பாருங்கோ. நேரம் மட்டும் ஐந்து நிமிடம். விரல் விறைத்த பிள்ளை சிரிக்காது.

பிள்ளை ஓடிக்கொண்டிருந்தால் படம் கலங்கும். போனில் இரவுப் படத்துக்கென்று இருக்கிற வசதி பல படங்களை ஒன்றாக அடுக்கித்தான் ஒரு படம் செய்கிறது, அசைகிற பிள்ளைக்கு அது சரிவராது. கமரா வைத்திருக்கிறவர்கள் 1/250 செக்கனுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கோ. அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால் விளையாட்டுச் சாமானை யன்னலடியில் கொட்டிவிடுங்கோ. "சிரி, சிரி" என்று கத்துவதைவிட இது நல்ல வழி. பிள்ளை தானாக அங்கே வந்து இருக்கும், நீங்கள் அதன் கண் மட்டத்துக்குக் குந்தி இருந்து எடுத்தால் போதும்.

அம்மம்மா வந்திருக்கும்போது

கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ ஆறு மாத விசாவில் வருகிற அம்மா அப்பாவுடன் நாங்கள் எடுக்கிற படங்கள் எங்கே எடுத்தவை? நயாகராவில், கடைத்தொகுதியில், கடைசியாக விமான நிலையத்தில் நின்று, அழுது சிவந்த கண்ணோடு, குழல்விளக்குக்குக் கீழே. போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றிடம் பழைய ஆல்பமே இல்லை. அப்பப்பாவின் முகத்துக்கு அடையாள அட்டைப் படத்தை விட வேறொன்றும் இல்லாத வீடுகள் எத்தனையோ. வந்திருக்கிறவரை வீட்டுக்குள் வைத்து ஒழுங்காக ஒரு படம் எடுப்பதற்கு ஒரு சனிக்கிழமை காலை போதும்.

தேங்காய் துருவும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது, கீரை ஆயும்போது குசினி யன்னலோரம் இருக்கச் சொல்லுங்கோ. கண்ணாடி போட்டிருந்தால் நாடியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கோ, யன்னல் அதில் மினுங்காது. பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் சுருக்கங்களை நன்றாகக் காட்டும். அது வேண்டாமென்றால் யன்னலை நேரே பார்க்கிறமாதிரி இருத்தலாம். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கோ. "இந்தக் கோலத்தில எடுக்காத பிள்ளை, சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்றால் விடுங்கோ, மாற்றிக்கொண்டு வரட்டும். மாற்ற முதல் எடுத்ததையும் அழிக்க வேண்டாம்.

எடுத்ததில் இரண்டை மூன்றைக் கடதாசியில் அச்சடியுங்கோ. ஆர், எந்த வீடு, எந்த வருசம் என்று ஒரு துண்டில் தமிழில் எழுதி, படத்தோடு ஒரே உறைக்குள் வையுங்கோ. ஒரு பிரதி அம்மம்மாவின் சூட்கேசுக்குள் போகட்டும், சீலைகளுக்கு நடுவில் வைத்தால் மடியாது.