எம் குரல் ஏன் போகவில்லை?

1996இல் கிளிநொச்சியிலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தோர், பற்றரிக்குத் தடையிருந்த அந்நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். இன்று கணினியில் வெளிநாட்டுப் பிள்ளையின் குரல் கேட்கிறது. எம் குரல்தான் போகவில்லை. உடனே ஹெட்செற்றை எறிந்துவிட வேண்டாம்.

செருகியைப் பார்ப்போம். ஒற்றைச் செருகியில் கறுப்பு வளையம் மூன்றிருந்தால் மைக்கும் அதிலேயே உண்டு. இரண்டென்றால் கேட்க மட்டுமே. மேசைக் கணினியில் பச்சைத் துளை கேட்பதற்கு, றோஸ் நிறத் துளை பேசுவதற்கு. மூன்று வளையச் செருகியைப் பச்சையில் மாத்திரம் செருகினால் மைக் பேசாது. இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் வேண்டும். வயரிலுள்ள மைக் சுவிச்சையும் பாருங்கள், பலவேளை அதுதான் கள்ளன். கைத்தொலைபேசியில் செருகிப் பேசினால் பழுது ஹெட்செற்றிலா கணினியிலா என்பது தெரிந்துவிடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால் யூ.எஸ்.பி. செருகியுள்ளதை வாங்குவோம். ஒலியை மாற்றும் சுற்று அதற்குள்ளேயே இருப்பதால் துளைச் சிக்கல் இல்லை. ஸ்ரூடியோ மைக் எமக்கெதற்கு? மூச்சுக்காற்று நேரே படாமல், வாய்க்குச் சற்றுப் பக்கமாக மைக்கை வைத்தால் போதும்.