படகு இன்ஜினின் எக்ஸாஸ்ட்: மாற்றும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவாவிலோ கொச்சியிலோ ஒரு யாட்டில் ஏறியிருந்தால், அதன் பின்பக்கத்தில் புகையோடு தண்ணீரும் விட்டுவிட்டுக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கோளாறு இல்லை. அப்படிக் கொட்டினால்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நண்பர்களோடு சேர்ந்து பழைய படகு ஒன்றை வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? இன்ஜின் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எக்ஸாஸ்டையும் கட்டாயம் பாருங்க.

காரிலிருந்து என்ன வித்தியாசம்?

காரின் சைலன்சர் வெளியே தொங்குகிறது. காற்று பட்டே சூடு ஆறிவிடும். இன்போர்டு இன்ஜின் இருப்பதோ படகின் வயிற்றுக்குள். முழு வேகத்தில் ஓடும் டீசல் இன்ஜினின் புகை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதனால் இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீரையே புகையோடு கலக்கிறார்கள். இது நடக்கும் இடம் 'மிக்சிங் எல்போ'. புகையின் சூடு தணிந்துவிடுவதால், அங்கிருந்து ரப்பர் ஹோஸிலேயே அதை வெளியே கொண்டுபோக முடிகிறது. நடுவில் இருக்கும் 'வாட்டர்லிஃப்ட்' என்ற தொட்டிதான் சைலன்சர்.

எப்போது மாற்றணும்?

சூடு, உப்பு, கந்தகம் மூன்றும் சேரும் இடம் எல்போ. அது உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கலாம். பின்னால் கொட்டும் தண்ணீர் குறைவது, வெள்ளை நீராவி அதிகமாவது, இணைப்புகளில் துருக்கறை, இன்ஜின் அறையில் கரி படிவது ஆகியவை எச்சரிக்கைகள். தண்ணீர் குறைந்தால் முதலில் பம்பின் இம்பெல்லரைப் பாருங்க. அது சரியாக இருந்தால், ஹோஸைக் கழற்றி எல்போவின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்க.

பழையதைப் போலவே புதியது போட்டால் போதுமா?

பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பழைய அமைப்பே தவறாக இருந்திருக்கலாம். முக்கியமானது உயரம். தண்ணீர் கலக்கும் இடம் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருந்தால், இன்ஜினை நிறுத்திய பிறகும் கடல்நீர் சைபன் முறையில் உள்ளே வந்துகொண்டே இருக்கும். வாட்டர்லிஃப்ட் நிரம்பியதும் அது சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம். இதைத் தடுக்க ஆன்டி-சைபன் வால்வு வேண்டும். எவ்வளவு உயரத்தில் எது தேவை என்பதை இன்ஜின் நிறுவனத்தின் கையேட்டில் பாருங்க.

மற்ற மேம்பாடுகள்:

- வார்ப்பிரும்பு எல்போவுக்குப் பதிலாக 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதுவும் நிரந்தரமல்ல, வெல்டிங் இடங்களை அவ்வப்போது பார்க்கணும்.
- மரைன் எக்ஸாஸ்டுக்கென்றே தயாரித்த ஹோஸ், ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப். சாதாரண தண்ணீர்க் குழாய் கூடவே கூடாது.
- இன்ஜின் நிறுவனம் சொன்ன விட்டத்தைவிடச் சிறிய குழாய் வேண்டாம். புகை வெளியேறத் திணறினால் இன்ஜினின் சக்தி குறையும்.
- இன்ஜினை நிறுத்தியதும் ஹோஸிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் முழுவதையும் தாங்கும் அளவுக்கு வாட்டர்லிஃப்ட் பெரிதாக இருக்கணும்.

ஒரு பழக்கமும் தேவை. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளும். அதை வெளியேற்றப் புகை இருக்காது. கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்க. ஸ்டார்ட் ஆனவுடன் மறக்காமல் திறந்துவிடுங்க.

உயிருக்கு என்ன ஆபத்து?

கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம் இதன் அறிகுறிகள். கடலில் இதையெல்லாம் 'அலை ஒத்துக்கலை' என்று எண்ணிவிடுவது சுலபம். பெட்ரோல் இன்ஜினிலும் ஜெனரேட்டரிலும் ஆபத்து அதிகம். கசிவே இல்லாவிட்டாலும், படகு ஓடும்போது பின்னால் வெளியேறும் புகை கேபினுக்குள் திரும்பி வரக்கூடும்.

எனவே தூங்கும் இடத்தில் மரைன் தரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்க. வேலை முடிந்ததும், படகைக் கட்டிய நிலையிலேயே இன்ஜினை நன்கு சூடாகும் வரை ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்க. ஒரு சொட்டுத் தண்ணீர் கசியும் இடத்தில் புகையும் கசியும். அதைச் சரிசெய்த பிறகே நண்பர்களை ஏற்றுங்க.