சுவருக்கு எவ்வளவு மினுக்கு?

தாயில்பட்டி போன்ற சிவகாசி வட்டாரத்து ஊர்களில் மேட் எது, பளபளப்பு எது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். அச்சாபீஸ் வாடை தெரிந்த ஊர்கள் இவை. ஒரே முருகன் படம்தான். பளபளத் தாளில் அச்சடித்த காலண்டர் என்றால் டியூப் லைட் வெளிச்சம் பட்டு சாமி முகமே தெரியாது, மேட் தாளில் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். எண்ணெய்க் கை பட்டுவிட்டால் கதை மாறும். பளபளத் தாளைத் துடைத்துவிடலாம். மேட் தாள் கறையைக் குடித்துவிடும்.

இவ்வளவு தெரிந்தவர்களும் பெயின்ட் கடையில் தடுமாறுகிறோம். கலர் அட்டையை அரைமணி நேரம் புரட்டுகிறோம். “மேட்டா, சாட்டினா?” என்று கடைக்காரர் கேட்டதும், “எது நல்லதோ அதையே கொடுங்க” என்று முடித்துவிடுகிறோம்.

பொடியும் பிசினும்

பெயின்டில் நிறம் தரும் பொடி உண்டு. அதைச் சுவரோடு பிடித்துவைக்கும் பிசின் உண்டு. பொடி கூடி பிசின் குறைந்தால் காய்ந்த பூச்சு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக நிற்கும். வெளிச்சம் அதில் சிதறும், அதுதான் மேட். பிசின் கூடினால் மேல்தோல் வழவழப்பாகி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அழுக்கு உள்ளே இறங்காததும் அதே தோலால்தான். ஆக, மினுக்கு என்பது வெறும் அலங்காரமில்லை. எவ்வளவு துடைக்கலாம் என்பதற்கான அடையாளமும் கூட.

மெருகேற்றிய கருங்கண்ணாடியின் பளபளப்பை ஏறத்தாழ 100 என்று வைத்து, 60 பாகைக் கோணத்தில் கருவி கொண்டு மினுக்கை அளக்கிறார்கள். வட அமெரிக்காவின் மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிடியூட் கணக்கில் மேட் 5க்குள் அடங்கும். சாட்டின் 20 முதல் 35 வரை, செமி கிளாஸ் 35 முதல் 70 வரை. அதற்கு மேல் முழுப் பளபளப்பு. நம் கடைகளில் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் பெயரை நம்பாமல் மாதிரி அட்டையைச் சாய்த்துப் பார்ப்பதே நல்லது.

நமக்கு இது புதிதும் அல்ல. பொங்கலுக்கு நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு முழு மேட். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். அதே சுண்ணாம்பை நன்றாக அரைத்து, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துச் செட்டிநாட்டு வீடுகளில் பளிங்காக்கினார்கள். அங்கே மினுக்கைத் தந்தது டப்பா அல்ல, கையுழைப்பு.

கரிசல் சொல்லும் பாடம்

நம் வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் பூமி. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகாத வீடுகளில் அந்த அசைவு சுவரில் மயிரிழை விரிசலாக ஏறும். அப்படிப்பட்ட சுவரில் பளபளப்பு அடித்தால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு விரிசலும், பட்டி பார்த்த ஒவ்வொரு தழும்பும் எழுந்து நிற்கும். மேட் அதை மறைக்கும். விரிசல் ஓடும் வீட்டுக்கு மேட். சுவர் நேராக, பட்டி வைத்து உப்புத்தாள் போட்டிருந்தால் மட்டும் சாட்டினைப் பற்றி யோசிக்கலாம்.

யார் தொடுகிறார்கள்?

கூரைத் தளத்தை யாரும் தொடுவதில்லை, மேட் போதும். படுக்கையறைக்கும் மேட் கண்ணுக்கு இதம். முன்னறை அப்படியல்ல. தாத்தா தரையில் உட்கார்ந்து தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய் வட்டம், சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் தடம், பிள்ளைகளின் பென்சில் கிறுக்கல் எல்லாம் அங்கேதான். அதற்குச் சாட்டின். தாளிக்கும் கடுகு தெறிக்கும் அடுப்படிக்குச் செமி கிளாஸ். கதவு, ஜன்னல், கிரில்லுக்கு எனாமல். அரசு ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் இடுப்புயரம் வரை ஆயில் பெயின்ட், அதற்கு மேல் சுண்ணாம்பு அடித்த பழைய வழக்கத்தில் இந்தக் கணக்கு முழுதாக இருக்கிறது.

நம் வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலுக்கும் உட்சுவர் முக்கியம். மருந்து புழங்கும் அறையின் உட்புறத்திலிருந்து மணலோ பருக்கையோ உதிரக் கூடாது என்பது வெடிபொருள் விதி. உரசினால் உயிர் போகும் இடம் அது. அங்கிருந்து வீடு திரும்புபவர்கள் கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரை ஆலையிலேயே கழுவிவிட்டு வர வேண்டும். எந்தப் பெயின்டும் அதற்கு மாற்று இல்லை.

அவசரம் ஆகாது

புதுப் பூச்சில் ஈரமும் சிமென்டின் காரமும் இருக்கும். காயுமுன் ஆயில் பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உரியும். குறைந்தது ஒரு மாதம் விட்டு, பிரைமர் அடித்து, பிறகு பெயின்டுக்குப் போகலாம். பழைய கதவைச் சுரண்டும்போதும் கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி பிள்ளைகளின் மூச்சுக்குள் போகும்; தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

ஜன்னல் பக்கத்தில் ஒரு முழத்துக்கு அடித்துப் பாருங்கள். காலை வெயிலிலும் இரவு டியூப் லைட்டிலும் ஒருமுறை பார்த்தால் பாதி முடிவு தானே வந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காலண்டர் மாட்டும் ஆணியைக் கேளுங்கள். அதைப் பிடுங்கி, ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மிச்சமிருக்கும் பெயின்டைத் தொட்டு வைத்தால் மேட் சுவரில் அது பெரும்பாலும் கலந்துவிடும். பளபளச் சுவரிலோ, அடுத்த காலண்டர் வந்து மறைக்கும்வரை அந்த ஒட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.