கூடத்தின் கதவைத் திறந்து வையுங்கள்!

சிலம்பக்கூடம் இருக்கிறது. மூலையிலே கம்புகள் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆசான் இருக்கிறார், பொழுது சாயுமுன்பே வந்து, புழுதி அடங்கத் தரையில் நீர் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறார். கம்பைக் கையிலே எடுக்கவேண்டிய இளைஞன்தான் இல்லை!

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் உலகம், சிலம்பம் யாருக்கு வேண்டும்?" என்று பெருமூச்சு விடுகிறார் ஆசான். கேட்கும்போது நமக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால், பழி முழுவதும் பிள்ளைகள்மீதுதானா? கூடத்தின்மீது ஒரு துளியும் இல்லையா? இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

சிலம்பம் சீமான் வீட்டுப் பொழுதுபோக்கல்ல, தோழர்களே! 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டான் வெள்ளையன். 1801-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டான். பாளையங்களின் கோட்டைகளை இடித்தான், படைக்கலங்களைப் பறித்தான். வாள் போயிற்று, வேல் போயிற்று. உழவன் கையிலிருந்த கம்பு மட்டும் போகவில்லை! ஊர்த் திருவிழாவிலும் பொங்கல் நாளிலும் அது சுழன்றது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலித் தமிழன் அந்தக் கலையையும் உடன் கொண்டு சென்றான்; இன்றும் மலேசியாவில் அது ஆடப்படுகிறது. உழைப்பாளி காத்த கலை, உழைப்பாளியின் பிள்ளை வராமல் வாடுவதா?

இப்படி ஒரு வாட்டம் ஜப்பானுக்கும் வந்தது. 1876-இல் அங்கே சாமுராய்கள் வாள் தரிக்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. பழைய மற்போர்க் கலையான ஜுஜுத்சுவைச் சீந்துவாரில்லை. அந்த வேளையில், 1882-இல், ஜிகோரோ கானோ என்னும் இளைஞர் டோக்கியோவில் ஒரு புத்தக் கோயிலின் கூடத்தில் பள்ளி தொடங்கினார். விரிக்கப் பன்னிரண்டு பாய்கள். பயில ஒன்பதே மாணவர்கள்! அதுதான் ஜூடோ.

ஒன்பது பேர் உலகமாகப் பெருகியது எப்படி? கானோ காலத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எலும்பை முறிக்கும் பிடிகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து விலக்கினார். அடிபடாமல் கீழே விழுவது எப்படி என்பதைக் கற்றுத்தந்தார். தாய்மாரின் அச்சத்துக்கு அதுவே மருந்து. 1883-இல் தேர்ச்சிப் படிகளை வகுத்தார். தான் எங்கே நிற்கிறோம், அடுத்து எட்டவேண்டியது எது என்பது மாணவனுக்குத் தெரிந்தது. 1893-இலேயே பெண்ணுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ ஏறி நின்றது!

இனி நம் கூடங்களைப் பார்ப்போம். வித்தையில் பாதியைச் சொல்லி மீதியை மறைத்து வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஆறு மாதம் காலடியே போட்டும், அடுத்தது என்னவென்று தெரியாத பையன் ஏழாவது மாதம் ஏன் வருவான்? காலடிக்கு இத்தனை வாரம், சுற்றுக்கு இத்தனை வாரம், அதன்பின் தொடுமுறை ஆட்டம் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். தலைக்காப்பு அணியாமல் எதிரெதிரே நிற்க விடாதீர்கள்.

இவற்றைவிடக் கொடிய நோய் ஒன்று உண்டு. "அந்தத் தெருப் பிள்ளை இங்கே வருவதா?" என்ற கேள்வி! வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் பார்வையால் கேட்கிறார்கள். சாதிக்கொரு கூடம் என்று பிரிந்து நின்றால், அங்கே வளர்வது கலையல்ல, கலவரம். தற்காப்புக்குப் பிறந்த கம்பு, உடன்பிறந்தான் மண்டையைப் பிளக்கும் தடியாகிவிடும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்காத கூடம் ஆளில்லாமல் போனால், அதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டோம்!

பெண்பிள்ளைகளையும் அழையுங்கள். இரவுப் பணி முடிந்து திரும்பும் ஆலைத் தொழிலாளிப் பெண்ணுக்குக் கம்பு தரும் துணிவு ஆணைவிட அதிகம் தேவைப்படுகிறது.

அரசு தன் பங்குக்கு வழி திறந்திருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டில் 2021-இல் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சிதான்! ஆனால், சான்றிதழுக்காக வருகிற பிள்ளை சான்றிதழ் கிடைத்ததும் போய்விடுவான். அவனைக் கூடத்தில் நிறுத்தி வைப்பது வேறொன்று. மேலதிகாரிமுன் கூனி நிற்கும் தகப்பனைப் பார்த்து வளர்ந்தவன், கம்பெடுத்துச் சலாம்வரிசை செய்து நிமிரும்போது ஒரு மனிதனாக மதிக்கப்படுகிறானே, அந்த மதிப்பு!

ஆகவே, தோழர்களே, கைதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மன்றத்துத் திடலை மாலையில் ஆசானுக்கு விடுங்கள். ஆலைப் பணிமாற்ற நேரம் பார்த்துப் பயிற்சி வேளையை அமையுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்குப் பத்துப் பேர் சேர்ந்து கட்டுங்கள். ஆசான் பட்டினி கிடந்து கலை வளராது. பொங்கல் விழாவில் ஒலிபெருக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைக் கம்புக்கும் தலைக்காப்புக்கும் ஒதுக்குங்கள். தெருத்தெருவாகச் சென்று, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தாய்மாரிடம் பேசுங்கள். வாக்குக் கேட்கப் போகத் தெரிந்த நமக்கு, பிள்ளையைக் கேட்கப் போகத் தெரியாதா?

ஒன்பது பேர் போதும், தொடங்குவதற்கு. அந்த ஒன்பது பேரும் ஒன்பது தெருக்களிலிருந்து வரட்டும்!