பணக்கார வியாதி என்று யார் சொன்னது?

சுகர், பிரஷர், மாரடைப்பு எல்லாம் வசதி படைத்தவர்களுக்கு வரும் வியாதி என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் தொற்றா நோய்களால் உலகில் குறைந்தது 4 கோடியே 30 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 1 கோடியே 80 லட்சம் பேர் 70 வயதைத் தொடாதவர்கள். இப்படி அற்ப ஆயுளில் போனவர்களில் 82 சதவிகிதம் பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

இருதய நோய், பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய், நீரிழிவு ஆகியவைதான் இந்தப் பட்டியலில் முதன்மையானவை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, சுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடி பேர். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கும் மேல்.

ஏழைகளை இது ஏன் அதிகம் வீழ்த்துகிறது? முக்கியக் காரணம், இந்த நோய்கள் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. வலித்தால்தான் நாம் மருத்துவரிடம் போவோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வலியே இல்லாத உடம்பைக் காட்ட யார் போவார்? உலகில் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கும் ஐந்து நிமிட வேலைதான் அது.

தெரிந்தவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். "இப்போது நார்மலாக இருக்கிறது, மாத்திரை எதற்கு?" என்பார்கள். நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். "தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்ற பயம் அதைவிடப் பரவலானது. உண்மையில் கிட்னி செயலிழப்பதற்கு உலகெங்கும் முதன்மையான காரணங்கள், கட்டுப்படுத்தாமல் விட்ட சுகரும் பிரஷரும்தான். கிட்னிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர், அதனாலேயே டயாலிசிஸ் படுக்கைக்குப் போகிறார்.

டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அரசுக் காப்பீடு சிகிச்சைச் செலவை ஏற்றாலும், போய்வரும் செலவையும் போன சம்பளத்தையும் யார் தருவது? துணைக்குப் போகும் மகனின் வேலையும் கெடுகிறது. மஹல்லா ஜமாஅத்களிடம் மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஸகாத் கொடுத்துக்கொண்டிருந்த குடும்பம் சில ஆண்டுகளில் ஸகாத் வாங்கும் குடும்பமாகிவிடுகிறது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கதவைத் தட்டும் அந்த ஊழியரிடம் "எங்க வீட்டில் யாருக்கும் ஒண்ணுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம். குறிப்பாக வீட்டுப் பெண்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாப்பாவின் மாத்திரை நேரம் உம்மாவுக்குத் தெரியும். உம்மாவின் பிரஷர் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது.

உணவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும். அது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. உலகம் சராசரியாக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிடுகிறது. நம் ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வலீமா விருந்தில் சுகர்காரர் வேண்டாம் என்ற பிறகும் "ஒரு நாள்தானே" என்று இனிப்பை வைக்கும் நம் உபசரிப்பையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ரமளான் நெருங்கும்போது பலரும் செய்வது, மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை நேரத்தைத் தாங்களாகவே மாற்றுவது. இன்சுலின் போடுபவர்களுக்கு இது ஆபத்து. ஒன்றிரண்டு மாதம் முன்பே, ரஜபிலேயே மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, எந்த மருந்தை ஸஹரில், எதை இஃப்தாரில் எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே இக்கால மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். அப்போது மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கான சலுகையை அல்பகரா அத்தியாயத்திலேயே அல்லாஹ் தந்திருக்கிறான்.