மலையகம் போகும் அன்பர்களுக்கு

டிசம்பர் விடுமுறைக்கு எப்சத்திலிருந்து இலங்கை செல்லும் அன்பர்களில் பலர் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையகத்துக்கும் நாலு நாள் ஒதுக்க வேண்டும்.

நுவரெலியா 6,100 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் சில சமயம் உறைபனி விழும்; எப்சம் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டை அங்கேயும் உதவும். பதுளை வீதியில் சுமார் ஐந்து கிலோமீட்டரில், ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில். அதற்கு அப்பால் ஹக்கல பூந்தோட்டம்.

தலவாக்கலை, அட்டன் பள்ளத்தாக்குகளில்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்தப் பச்சைச் சரிவுகள் தாமாக வந்தவையல்ல. முதலில் கோப்பி, அது இலைநோயில் அழிந்தபின் தேயிலை. அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர் ஏராளம். சுதந்திரம் வந்த 1948-லேயே அவர்கள் சந்ததியாரின் குடியுரிமை பறிபோயிற்று. எஞ்சியோருக்கு அது கிடைக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்றும் பல குடும்பங்களுக்கு லயன் அறைதான் வீடு.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலால் மலைச்சரிவுகள் இடிந்து பலர் இறந்தார்கள். புகையிரதப் பாதையும் சேதமடைந்தது. ஆகவே, புறப்படுமுன் வண்டி ஓடுகிறதா, வீதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

தொழிற்சாலைக் கடையில் தேயிலை வாங்குவதோடு நின்றுவிடாமல், வீதியோரத்தில் தோட்டத்துக் குடும்பங்கள் விற்கும் பழங்களையும் வாங்கலாம். காசு அவர்கள் கைக்கே போகும். ஆனால் பழங்களை அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும். ஆக்லாந்து விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.